பாத்துப் போட்டுக் குடுங்க

ஏனுங்க, நீங்க மாசம் எவ்வளவு சம்பளம் வாங்கறீங்க? செரி செரி, சொல்ல வேண்டாமுங்க, உடுங்க. மொகம் போற போக்கைப் பாத்தாலே தெரியுது. பஸ்சுல பக்கத்து சீட்டுல வந்து உக்காந்து பத்து நிமிசம் ஆகல, பேரு கூடக் கேக்கல, எடுத்த எடுப்புல சம்பளத்தைக் கேக்கறானேன்னு நெனைக்கறீங்க. நாயந்தானுங்க. ஒரு மனுசனைக் கேக்கக் கூடாத கேள்வி அது. ஆனா இன்னைக்கு என்னையக் கேட்டாங்க பாருங்க. ஏசி ரூம்ல உக்கார வெச்சு, தண்ணி பாட்டல் ஒண்ணை முன்னாடி வெச்சு, சிரிச்ச மொகமாக் கேட்டாங்க. எவ்வளவு எதிர்பாக்கறீங்க சார்னு. எனக்கு இன்னும் ஆறலீங்க.

பேரு நாச்சிமுத்துங்க. ஊரு உடுமலை. பல்லடத்துக்குப் பக்கத்துல ஒரு பனியன் கம்பெனிக்கு இன்டர்வியூ போயிட்டு வாரனுங்க. வயசு அம்பத்திரெண்டு. இந்த வயசுல இன்டர்வியூ. பரீட்சைக்குப் போற பையனாட்ட கையில ஒரு பைலு, அதுக்குள்ள பத்தாவது மார்க் சீட்டு. யாரும் அதைத் தொறந்தே பாக்கல. அந்தப் பொட்டிய சித்த அக்கட்ட நகத்துனீங்கன்னா நான் காலை நீட்டிக்குவன். ஆங், போதும் போதும்.

கோதண்டபாணி மில்லுல பதினெட்டு வருசம் டைம் ஆபீஸ் பாத்தனுங்க. டைம் ஆபீஸ்னா ஒண்ணுமில்லீங்க, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூமு. ஆள் எடுக்கறது, வருகை போடறது, கூலி நிர்ணயம் பண்றது எல்லாமே அங்கதான். மேனேஜர் வருவாரு போவாரு, டைம் ஆபீஸ்காரன் சொன்னாத்தான் கேட்டு தொறக்கும். அந்த நாற்காலில உக்காந்து ஆயிரம் பேருக்கு மேல நான் வேலை போட்டுக் குடுத்திருக்கறனுங்க. சும்மா பெருமைக்குச் சொல்லல.

வாரவங்ககிட்ட எந்த ஊரு, ஊட்ல எத்தனை பேரு, மில்லு வேலை தெரியுமான்னு கேக்கறதெல்லாம் ஒப்புக்குத்தான். கடைசியா ஒண்ணு கேப்பன். "எவ்வளவு எதிர்பாக்கறீங்க?" கேட்டுப்போட்டு வாயே தொறக்க மாட்டன். பேனாவை மூடி வெச்சிருவன். டீ கிளாசைக் கையில எடுத்துக்குவன். மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவன். இருவது வரைக்கும் எண்ண வேண்டிய வேலையே வந்ததில்லீங்க. பன்னெண்டு, பதிமூணுலயே முடிஞ்சிரும். எதுக்கால இருக்கறவன் சும்மா இருந்தா மனுசனுக்குத் தாங்காதுங்க. தரையப் பாப்பாங்க, சேலைத் தலைப்பைத் திருகுவாங்க, அப்பறம் சொல்லுவாங்க, "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க சார்". அவ்வளவுதான். பேனாவைத் தொறந்து எழுதிருவன்.

அப்பவும் தயங்கிட்டு நிக்கறவங்ககிட்ட, "சும்மா ஒரு தொகையச் சொல்லுங்க, நான் மேல பேசி வாங்கித் தாரன்"னு சொல்லுவன். மேல எங்கயும் பேசுனதில்லீங்க. அந்த ரூமுக்கு மேல என்ன இருந்துச்சு? புறாக் கூடுதான் இருந்துச்சு.

எவ்வளவு எழுதுவன்னா? அதென்னங்க கேள்வி, கொறைச்சுத்தான். வாயத் தொறந்து கேட்டவங்களுக்கு அடிச்சுப் பேசி ஒண்ணைப் போடுவன். கேக்காதவங்களுக்கு எதுக்குங்க அள்ளிக் கொட்டோணும்? நான் யாரையும் ஏமாத்தலீங்க. இவ்வளவுதான்னு நான் சொல்லவே இல்லையே. பாத்துப் போடுங்கன்னு அவங்க சொன்னாங்க, நான் பாத்துப் போட்டன். ஒரு ஆயுத பூசை அன்னிக்கு மொதலாளி எல்லாருத்து முன்னாடியும் சொன்னாருங்க, "நம்ம நாச்சிமுத்து ஒரு டீயக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள மில்லுக்கு ஒரு ஆள் கூலிய மிச்சம் பண்ணிப்போடுவான்"னு. எல்லாருங் கைதட்டுனாங்க. கூலி வாங்கறவங்களுந்தான் தட்டுனாங்க. எனக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தாரு.

என்ற சம்பளத்தை நான் எப்பிடிக் கேட்டன்னா கேக்கறீங்க? நான் கேட்டதே இல்லீங்க. பதினெட்டு வருசத்துல ஒருக்கா கூடக் கேட்டதில்ல. தீவாளிக்கு தீவாளி மொதலாளி அவராப் பாத்து ஏத்துவாரு. கடைசியா பதினேழாயிரம் வாங்கீட்டிருந்தன். என்னை விடப் பின்னால வந்த ஸ்டோர்காரன் இருவத்தஞ்சு வாங்குனானுங்க, அது மில்லை மூடுனதுக்கப்பறந்தான் தெரிஞ்சுது. போகட்டும். பழகுன மனுசன்கிட்ட மொகத்துக்கு நேரா எப்பிடிங்க எனக்கு இவ்வளவு குடுன்னு கேக்கறது? நாக்கு கூசாதா? பொள்ளாச்சி சந்தைல பாத்திருப்பீங்களே, மாட்டுக்குக் கூட துண்டைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ள வெரலைப் புடிச்சுத்தான் வெலை பேசறாங்க. மாட்டுக்கு இருக்கற மரியாதை மனுசனுக்கு வேண்டாமுங்களா?

மொதலாளி மில்லை வித்துப்போட்டாருங்க. ஏழு மாசமாச்சு. கடைசி நாள் என்ற தோள் மேல கையப் போட்டு, "உனக்கு நான் பாத்துச் செய்யறன் நாச்சிமுத்து"ன்னாரு. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கறாரு.

இந்த ஏழு மாசமா ஊட்ல அடுப்பெரியறது என்ற ஊட்டுக்காரி சம்பளத்துலதானுங்க. ருக்குமணின்னு பேரு. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு ஸ்வீட் ஸ்டால்ல பேக்கிங் பண்றா. காலைல ஒம்பது மணிக்குப் போனா ராத்திரி எட்டாகும். உக்காரக் கூடாதாமுங்க. கஸ்டமர் வந்தா மரியாதையா இருக்காதாம். அவளுக்கு ரெண்டு கால்லயும் நரம்பு சுருட்டிக்கிட்டுப் பச்சப் பச்சையா எந்திரிச்சு நிக்குது. டாக்டரம்மா கட்டன் ரைட்டாச் சொல்லிட்டாங்க, இன்னும் ரெண்டு மாசம் இப்பிடியே நின்னா புண்ணாயிரும், அப்பறம் ஆபரேசன்தான்னு. ஊட்டு வாடகை, அவளுக்கு மருந்து, மாமியார் ஒருத்தர் படுக்கைல, எல்லாஞ் சேத்துக் கணக்குப் போட்டு அவதான் ஒரு நெம்பரைக் கண்டுபுடிச்சா. இருவத்திரெண்டாயிரம். நான் இருவத்திரெண்டு கொண்டாந்தா அவ ஒண்ணாந்தேதில இருந்து நின்னுக்கலாம். நின்னுக்கலாம்னா வேலைய உட்டு நின்னுக்கலாம்னு சொல்றனுங்க. ஊட்ல உக்காரலாம்.

அவளுக்கு எவ்வளவு சம்பளம்னா... எட்டாயிரம். ஆமாங்க, கம்மிதான். அவ கூட வேலை செய்யற புள்ளைங்க பத்தரை, பதினொண்ணு வாங்குதுங்க. என்ன பண்றதுங்க, அந்தக் கடைக்காரப் பையன் நமக்குத் தெரிஞ்சவன். இவளைக் கொண்டு போய்ச் சேத்து உடறப்ப அவனே கேட்டான், "அக்காவுக்கு எவ்வளவு போடட்டுமுங்கண்ணா?"ன்னு. தெரிஞ்ச எடத்துல போயி கறாராப் பேசறதுங்களா? "உனக்குத் தெரியாததா தம்பி, நீயே பாத்துப் போட்டுக் குடு"ன்னன். எவ்வளவு மரியாதையான வார்த்தை. அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாளுங்க.

இன்னைக்குக் காலைல கெளம்பறப்ப காலண்டர்த் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் எழுதி என்ற சட்டைப் பாக்கெட்டுல வெச்சா. இருங்க, இந்தாங்க, இதுதான். "இருபத்திரெண்டாயிரம்." எழுத்துல எழுதிருக்கறா பாருங்க, நெம்பர்ல எழுதுனா மாத்திச் சொல்லிப்போடுவனாம். "என்ற சம்பளத்தையும் நீங்கதான் பேசுனீங்க. இன்னைக்காச்சும் உங்க சம்பளத்தை நீங்க பேசீட்டு வாங்க"ன்னு சொல்லிப்போட்டு அவ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டா. வாசல்ல செருப்பை மாட்டறதுக்குக் கூட செவுத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் மாட்டுனா.

செரி, கம்பெனிக்கு வாரன். போயி பெஞ்சுல உக்காந்தனுங்க. பாத்தா அங்க யாரு? வேலாத்தா. எங்க மில்லுல சைடு பாத்தவ. நூலு அந்துச்சுன்னா ஓடி ஓடி முடிச்சுப் போடோணும், அந்த வேலை. நான் சேத்து உட்டவதான். ரெண்டு வருசம் நல்லாத்தான் வந்துட்டிருந்தா, ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சா. "சாருங்களா! நல்லா இருக்கறீங்களாங்க? அக்கா சௌக்கியமுங்களா?"ன்னா. அந்த மரியாதை போகலீங்க. ஆனா கேட்டுப்போட்டு மறுபடி உக்காந்துக்கிட்டா. அதே பெஞ்சுல. மில்லுல இருந்தப்ப என்ற முன்னாடி ஒரு நாள் உக்காந்தவ இல்ல. நானும் கண்டுக்கல, காலம் மாறிப் போச்சு.

அவ செக்கிங் லைனுக்கு சூப்பர்வைசர் வேலைக்கு வந்திருக்கறா. நான் டைம் ஆபீசுக்கு. அவளைத்தான் மொதல்ல கூப்புட்டாங்க. ரூம்னா முழு ரூம் இல்லீங்க, பெரிய ஹாலுக்குள்ள அலுமினியத் தடுப்பு. மேல தொறந்து கெடக்குது. உள்ள மூச்சு உட்டா வெளிய பெஞ்சுக்குக் கேக்குது. நான் ஒட்டுக் கேக்கலீங்க, தானா வந்து காதுல உழுந்துச்சு.

உள்ள ஒரு பொண்ணு. இருவத்தெட்டு வயசு இருந்தா அதிகம். மேசை மேல யாழினின்னு பேரு வெச்சிருந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "நீங்க எவ்வளவு எதிர்பாக்கறீங்கம்மா?" எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. என்ற கேள்வி! பதினெட்டு வருசமா நான் கேட்ட கேள்வி. பாவம், வேலாத்தா மாட்டுனான்னு நெனைச்சன்.

வேலாத்தா சொல்றா, "பத்தொம்பதாயிரம் எதிர்பாக்கறனுங்க மேடம். போன எடத்துல பதினாறரை வாங்கீட்டிருந்தன். அங்க முப்பது டெய்லருக்கு லைன் பாத்தன், இங்க அறுவதுன்னு சொல்றீங்க. அதனாலதானுங்க."

அந்தப் பொண்ணு பேசலீங்க. நான் பெஞ்சுல உக்காந்து எண்ண ஆரம்பிச்சுட்டன். பழக்கதோசம். பத்து, பதினொண்ணு. இப்ப ஒடைஞ்சிருவா. பதிமூணு, பதினாலு. இப்பச் சொல்லுவா பாரு. பதினேழு. பத்தொம்பது. இருவது. இருவத்தி மூணு வரைக்கும் எண்ணிப்போட்டனுங்க. வேலாத்தா வாயே தொறக்கல. கடைசில பேசுனது அந்த மேடம்தான். "எங்க பட்ஜெட் பதினேழு வரைக்கும்தாம்மா இருக்கு."

"செரிங்க மேடம், உங்களுக்கும் ஒரு அளவு இருக்குமில்லீங்களா. பதினெட்டுன்னா திங்கக்கெழமையே வந்து சேந்துக்கறன். பதினேழுன்னா, ஆறு மாசம் என்ற வேலையப் பாத்துட்டு ஏத்தறதா லெட்டர்ல ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சந்தோசந்தானுங்க."

என்ன திமிரு பாருங்க! கோவமாச் சொன்னாளா, இல்ல. கெஞ்சுனாளா, அதுவும் இல்ல. கடைல கத்திரிக்காய்க்கு வெலை கேக்கறவளாட்ட, சாதாரணமாச் சொல்றா. அந்தப் பொண்ணும் கோவிச்சுக்கல, சிரிச்சுது. மேல யாருக்கோ போன் போட்டுப் பேசுச்சு. பேசுனாப்பலதான் காதுல கேட்டுச்சு, நடிப்பாக் கூட இருக்கும், எனக்குத் தெரியாததா? பேசி முடிச்சுட்டு, "பதினெட்டு ஓகேம்மா, திங்கக்கிழமை வந்துருங்க"ன்னுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது. ரெண்டே நிமிசம்.

நீங்களே சொல்லுங்க, அதைக் கேட்டுப்போட்டு நான் எந்த மனசோட உள்ள போவன்? ஏசி வேற. மூக்கு அடைச்சுக்கிச்சு.

உக்காந்தன். அந்தப் பொண்ணு எந்திரிச்சு வணக்கம் சொல்லுச்சு, அதை வளத்த வளப்புல கொறை சொல்ல முடியாது. என்ற அனுபவத்தையெல்லாம் கேட்டுச்சு. நான் சொன்னன். ஆயிரம் பேரை எடுத்தது, மில்லுக்கு மிச்சம் பண்ணுனது, ஆயுத பூசை வேட்டி சட்டை, ஒண்ணு உடாமச் சொன்னன். எல்லாத்தையும் எழுதிக்கிச்சு. எம்மேல ரொம்ப மதிப்பு வந்துருச்சுன்னு மொகத்துலயே தெரிஞ்சுது. அப்பறம் கேட்டுச்சு. "எவ்வளவு எதிர்பாக்கறீங்க சார்?"

நான் உசாராயிட்டனுங்க. "நீங்க எவ்வளவு குடுக்கறதா இருக்கறீங்க மேடம்?"னு திருப்பிப் போட்டன். எப்பிடி? மடங்கிரும்னு பாத்தன். அது என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? "இந்த வேலைக்குப் பதினஞ்சுல இருந்து இருவத்தி நாலு வரைக்கும் இருக்கு சார். உங்க அனுபவத்துக்கு எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க."

இருவத்தி நாலு! பொறுங்க, பொறுங்க, நீங்க நெனைக்கறது எனக்குத் தெரியும். இருவத்திரெண்டுன்னு சொல்லியிருக்கலாமேங்கறீங்க. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும். நான் அந்த நாற்காலில உக்காந்தவனுங்க. யாராச்சும் இருக்கறதை அப்பிடியே எடுத்துச் சொல்லுவாங்களா? பதினெட்டு வருசத்துல நான் ஒருத்தருக்காவது உள்ளதைச் சொல்லியிருப்பனா? அப்ப இதுல என்னமோ இருக்குதுன்னுதானே அர்த்தம்? நான் பேசாம இருந்தன்.

அதும் பேசல. பேனாவை மூடி வெச்சுது. தண்ணி பாட்டலை எடுத்து ஒரு மொடக்குக் குடிச்சுது. எனக்கு இங்க, நெஞ்சுக்குள்ள, ஒண்ணு ரெண்டு மூணு ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. எண்ண வேண்டியது அந்தப் பொண்ணு, எண்ணறது நானு. பாக்கெட்டுல ருக்குமணியோட தாளு குத்துது. அதைத் தொட்டன். அஞ்சு, ஆறு. இருவத்திரெண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்பப் பாத்து அந்தப் பொண்ணு மெதுவாச் சொல்லுச்சு, "சும்மா ஒரு தொகை சொல்லுங்க சார், நான் மேல பேசி வாங்கித் தரேன்."

என்ற வார்த்தைங்க! அச்சு அசலா என்ற வார்த்தை. மேல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? புறாக் கூடு! ஒரு மயிரிழைல தப்பிச்சன், இல்லைன்னா சொல்லித் தொலைச்சிருப்பன். சுதாரிச்சுக்கிட்டன். ஒம்பது, பத்து, பதினொண்ணு...

என்ன சொன்னனா? என்னத்தைங்க சொல்றது. பதினொண்ணு வரைக்கும்தான் எண்ணுனன். "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க மேடம்"னுட்டன்.

சிரிக்காதீங்க. சிரிக்கலைங்கறீங்க, செரி. வாய்ல இருந்து அதுவா வந்துருச்சுங்க. பேசறது நாந்தானான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. அந்தப் பொண்ணு உடனே எழுதல, அதையும் சொல்லிப்போடறன். "நிச்சயமாவா சார்? ஒரு தொகை கூடச் சொல்லலையே?"ன்னுச்சு. "உங்களுக்குத் தெரியாததா மேடம்"ன்னன். கையக் கூடக் கும்புட்டன். அப்பறந்தான் எழுதுச்சு. பதினஞ்சு. பதினஞ்சாயிரம். வேலாத்தா பதினெட்டு, நான் பதினஞ்சு. நான் சேத்து உட்டவ!

"தொகை எதுவும் கேக்கலைன்னா ஆரம்ப சம்பளம்தான் சார் போட முடியும், இங்க அதுதான் முறை"ங்குது. என்ன முறைங்க இது? கேட்டாத்தான் குடுப்பாங்களாம். கேக்காத மனுசன் நல்லவன், கௌரவமானவன், அவனுக்கு நாமளாப் பாத்து நல்லபடியாப் போட்டுக் குடுப்போம்னு ஒரு மனசு வேண்டாமா? எதுக்கால உக்காந்திருக்கறவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும், அவன் ஊட்லயும் ஒருத்தி கால் வீங்கி நிப்பான்னு தோண வேண்டாமா? அந்த நாற்காலில உக்காந்தா மனசாச்சியவே கழட்டி வெச்சிருவாங்க போலிருக்குதுங்க!

...ஆமா, நானும் அந்த நாற்காலில இருந்தவந்தான். அது வேறைங்க. அது மில்லு.

ஜன்னலை இன்னுங் கொஞ்சம் தொறங்க, காத்தே இல்ல. கரண்டு எடுக்கறதுக்கு இத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்கறான் பாருங்க காட்டுக்குள்ள, ஒண்ணாச்சும் சுத்துதா?

வெளிய வந்தா கேட்டுக்கு எதுக்கால டீக்கடைல வேலாத்தா நிக்கறா. "வாங்க சார், டீ சாப்புடலாம்"னா. வேண்டாம்னா நல்லா இருக்காதேன்னு போனன். "எவ்வளவு சொன்னீங்க சார்?"னு கேட்டா. பேசீட்டிருக்கறம்னு சொன்னன். அது பொய் இல்லீங்க, நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் டைம் இருக்குது. எனக்கு வாயி சும்மா இருக்குதா, "ஏம்மா, பத்தொம்பதுன்னு எப்பிடிக் கூசாமக் கேட்ட? யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னன்.

"நீங்கதானுங்க சார்"னா.

அவ டீய ஆத்தீட்டே சொல்றா. "மில்லுக்கு நானுஞ் சகுந்தலாவும் ஒரே நாள் வந்தமுங்க. ஒரே ஊரு, ஒரே வேலை. நீங்க கேட்டப்ப நான் பாத்துப் போட்டுக் குடுங்கன்னன், அவ நாள் கூலி நூத்தி எண்பது வேணும்னா. எனக்கு நூத்தி நாப்பது போட்டீங்க, அவளுக்கு நூத்தி எழுவத்தஞ்சு. ரெண்டு வருசம் எனக்கு அது தெரியாதுங்க. தெரிஞ்ச அன்னிக்கு மில்லை உட்டு நின்னுட்டன். ஊட்ல உக்காந்து யோசிச்சன். கோவம் வந்தாலும் பயந்தாலும் வார்த்தை வர மாட்டீங்குது. அதனால தெனமும் கண்ணாடி முன்னாடி நின்னு, இவ்வளவு வேணுங்க, இன்னதுக்காக வேணுங்கன்னு சொல்லிச் சொல்லிப் பழகுனன். சொல்லிப்போட்டு இருவத்தஞ்சு எண்ணுவன். நீங்க மனசுக்குள்ள எண்ணறது எங்களுக்கெல்லாந் தெரியுமுங்க சார். உங்க உதடு அசையும்."

கேட்டுக்கங்க. எல்லாத்தையும் எங்கிட்டக் கத்துக்கிட்டாளாம். அவ வாயாலயே சொல்றா. டீக்குக் காசையும் அவதான் குடுத்தா, நான் எவ்வளவோ தடுத்தும் கேக்கல. நன்னி இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?

ஆனா ஒண்ணுங்க. அந்த நூத்தி நாப்பதைச் சொன்னா பாருங்க, அது என்ற தப்பா? வாயத் தொறந்து கேட்டிருந்தா நான் போட்டிருக்க மாட்டனா? சகுந்தலா கேட்டா, போட்டன். இவ கேக்கல. கேட்டிருந்தா குடுக்கறதுக்குத்தானுங்க நான் அங்க உக்காந்திருந்தன். கேக்காம நின்னுட்டு அப்பறம் எம்மேல வருத்தப்பட்டா, நான் என்னங்க பண்றது?

ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? என்ற மொகத்துல என்னமோ ஒட்டியிருக்கறாப்பல பாக்கறீங்க.

ஆங், அந்தப் பொண்ணு ஒரு சீட்டுக் குடுத்துச்சுன்னு சொன்னனுங்களா? சொல்லலையா? இந்தா, இதுவும் இதே பாக்கெட்டுலதான் கெடக்குது. அதோட போன் நெம்பர். எந்திரிக்கறப்ப கையில எழுதிக் குடுத்துச்சு. "நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஏதாவது தொகை யோசிச்சீங்கன்னா கூப்பிடுங்க சார். இருவத்திரெண்டு, இருவத்தி மூணு வரைக்கும் கூட நான் பேசிப் பாப்பேன். ஆனா நீங்க கேக்கணும்"னுச்சு. பாத்தீங்களா தந்திரத்தை? நம்ம வாய்ல இருந்தே வரோணுமாம்.

கூப்புடுங்கன்னா? இப்பவேவா? இல்லீங்க, அதெப்பிடி. கையெடுத்துக் கும்புட்டுப் பாத்துப் போடுங்கன்னு சொல்லிப்போட்டு, பஸ்சுல வாரப்பப் போனைப் போட்டு இருவத்திரெண்டு குடுன்னா அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும்? காசுக்குப் பறக்கறவன்னு நெனைக்காதா? வேலாத்தாளுக்கென்ன, கேட்டுப்போடுவா. எனக்கு ஒரு மரியாதை இருக்குதில்லீங்களா?

இருங்க, போன் அடிக்குது. ருக்குமணிதான். மூணரை மணிக்குத்தான் அவளுக்கு டீ குடிக்க உடுவாங்க, அஞ்சு நிமிசம். அந்த அஞ்சு நிமிசந்தான் சாக்கு மூட்டை மேல உக்காருவா. எடுத்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா, எவ்வளவுன்னு. பதினஞ்சுன்னா அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. திட்டுனாலுந் தேவலைங்க, திட்ட மாட்டா. செரிங்கன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சு நின்னுக்குவா. அதுக்குத்தானுங்க போனை எடுக்காம வெச்சிருக்கறன். இருவத்திரெண்டுன்னு சொன்னா ஒண்ணாந்தேதி வேலைய உட்டுப்போடுவா, அப்பறம் நான் எங்க போயி ஏழாயிரத்துக்கு நிக்கறது?

அடிச்சுக்கிட்டே இருக்குது பாருங்க.

குடிமங்கலம் நால்ரோடு வந்துருச்சா? நீங்க இங்கதான் எறங்கோணுமா? அடடா. கண்டக்டர், சித்த இருங்க, பொட்டி இருக்குது, எறங்கட்டும். நான் புடிக்கறன், நீங்க படியப் பாத்து எறங்குங்க. ஏனுங்க, ஒரே நிமிசம். நீங்க படிச்சவராட்ட இருக்கறீங்க, நாலையும் கேட்டீங்க. ஊட்டுக்காரிக்குச் சொல்றதுக்கும் செரி, அந்தப் பொண்ணைக் கூப்புட்டுக் கேக்கறதுக்கும் செரி. எனக்கு வாயே வர மாட்டீங்குதுங்க.

எவ்வளவுன்னு சொல்லட்டுமுங்க? நீங்களே பாத்து ஒண்ணைச் சொல்லிட்டுப் போங்க.